முழுகினால்தான் இரட்சிப்பா?

 

புழல் என்று சொன்னவுடனே வெளியூர்க்காரர்களுக்கு இரண்டுதான் ஞாபகம் வரும். ஒன்று ஏரி, இன்னொன்று ஜெயில். 3,300 மில்லியன் கன அடி தண்ணீர் பிடிக்கிற ஏரி. 2006-ல் சென்ட்ரல் பக்கத்திலிருந்து இங்கே மாற்றப்பட்ட மத்திய சிறைச்சாலை. இன்றைய வேத பாடத்துக்கு இரண்டுமே உதவும். ஏனென்றால் ஞானஸ்நானத்தைக் குறித்து வேதத்தில் நமக்கு அதிகம் கற்றுக்கொடுக்கிறவர்களில் ஒருவன் மரண தண்டனை பெற்ற கள்ளன், இன்னொருவன் சிறைச்சாலைக்காரன். கள்ளனுக்குத் தண்ணீர் கிடைக்கவே இல்லை. சிறைச்சாலைக்காரனுக்கு நடுராத்திரியில் கிடைத்தது. இரண்டு பேரும் இரட்சிக்கப்பட்டார்கள்!

இந்தப் பாடத்தை எழுதக் காரணம், ஜெபக் கூட்டம் முடிந்து செருப்பு மாட்டுகிற நேரத்தில் ஊழியக்காரரிடம் மெதுவாகக் கேட்கப்படுகிற இரண்டு கேள்விகள். மேடையில் இவற்றை யாரும் கேட்பதில்லை.

ஒன்று, விதவைத் தாய்மார் கேட்பது. "பாஸ்டர், எங்க வீட்டுக்காரர் கடைசி நாலு நாள் ஆஸ்பத்திரியில இயேசப்பா இயேசப்பான்னுதான் சொல்லிட்டு இருந்தாரு. பாவமன்னிப்புக்கு ஜெபம் பண்ணினாரு. ஆனா முழுகாமலே போயிட்டாரே, அவர் பரலோகத்துல இருப்பாரா?"

மற்றொன்று, வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்துக்கு நெற்றியில் பொட்டோடு வந்து, போகும்போதும் பொட்டோடே போகிற சகோதரிகள் கேட்பது. "நான் மனசார ஏத்துக்கிட்டேன் பாஸ்டர். ஆனா ஞானஸ்நானம் எடுத்தா வீட்டை விட்டு அனுப்பிடுவாங்க. எடுக்கலன்னா எனக்கு இரட்சிப்பு இல்லையா?"

இந்த இரண்டு பேருக்கும் மாற்கு 16:16-ஐப் பாதி மட்டும் சொல்லி அனுப்பிவிடுகிற ஊழியக்காரர்கள் உண்டு. அது பெரிய கொடுமை. அந்த வசனத்தை முழுவதும் படியுங்கள். முதல் பாதியில் விசுவாசமும் ஞானஸ்நானமும் சேர்ந்தே வருகின்றன. இரண்டாம் பாதியில் ஆக்கினைக்குக் காரணமாக விசுவாசியாமை ஒன்றே சொல்லப்படுகிறது. முழுகாதவன் என்ற வார்த்தை அங்கே இல்லை. நாம் சேர்க்கவும் வேண்டாம்.

சிலுவையில் ஒருவன், சிறைச்சாலையில் ஒருவன்

லூக்கா 23-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். கையும் காலும் ஆணியில் இருக்கிறவன் எங்கே போய் முழுகுவான்? அவன் செய்ததெல்லாம் மூன்று. தன் தண்டனை நியாயமானது என்று ஒத்துக்கொண்டான். பக்கத்தில் தொங்குகிறவர் குற்றமற்றவர் என்று சாட்சி சொன்னான். தன்னை நினைக்கும்படி அவரிடமே கேட்டான். அன்றைக்கே பரதீசில் இடம் உண்டு என்று பதில் கிடைத்தது. ஆண்டவர் நிபந்தனை போடவில்லை. ஆகவே, ஆஸ்பத்திரிக் கட்டிலில் மனந்திரும்பிக் கண்மூடின கணவருக்காக அழுகிற தாயே, தண்ணீர் இல்லாத காரணத்தால் தேவன் அவரைத் தள்ளிவிட்டார் என்று யார் சொன்னாலும் நம்ப வேண்டாம். அவருடைய இருதயத்தை அறிந்தவர் கர்த்தர் ஒருவரே. ஆனால் தண்ணீர்க் கணக்கை வைத்து அவரை நரகத்துக்கு அனுப்புகிற அதிகாரம் எந்தப் பாஸ்டருக்கும் கொடுக்கப்படவில்லை.

இப்போது அப்போஸ்தலர் 16. பிலிப்பி பட்டணத்துச் சிறைச்சாலை. அடிபட்ட முதுகோடு பவுலும் சீலாவும் நடுராத்திரியில் பாடுகிறார்கள், பூமி அதிருகிறது, கதவுகள் திறக்கின்றன, கைதிகள் ஓடிவிட்டார்கள் என்று நினைத்துச் சிறைச்சாலைக்காரன் பட்டயத்தை உருவுகிறான். நம்ம ஊரிலே ஜெயில் டூட்டி பார்க்கிறவர்களுக்கு அவன் பயம் உடனே புரியும். கைதி தப்பினால் காவலனுக்கு என்ன ஆகும் என்று அவனுக்குத் தெரியும். இரட்சிக்கப்பட என்ன செய்ய வேண்டும் என்று அவன் கேட்கிறான். பவுலின் பதிலில் ஒரே ஒரு காரியம்தான் இருக்கிறது: கர்த்தராகிய இயேசுவை விசுவாசி. முதலில் முழுகு, முதலில் சபையில் பேரைக் கொடு, முதலில் நகையைக் கழற்று என்று ஒன்றும் இல்லை.

ஆனால் அதோடு லூக்கா நிறுத்தவில்லை, நாமும் நிறுத்தக் கூடாது. அந்த ராத்திரியிலேயே அவன் வீட்டார் எல்லாருக்கும் வசனம் சொல்லப்பட்டது. அவன் இவர்களுடைய காயங்களைக் கழுவினான். உடனே தானும் தன் வீட்டாரும் ஞானஸ்நானம் பெற்றார்கள். பிறகு பந்தி வைத்தான். வரிசையைக் கவனியுங்கள். சாயங்காலம் இவர்களுடைய கால்களைத் தொழுமரத்தில் மாட்டின கை, விடியுமுன்னே இவர்களுடைய முதுகைக் கழுவுகிறது. அவன் தண்ணீரில் இறங்குவதற்கு முன்பே விசுவாசம் அவன் கைக்கு வந்துவிட்டது. அப்படியானால் ஞானஸ்நானம் எதற்கு? விசுவாசம் வந்த மனுஷன் விடியட்டும் என்றுகூடக் காத்திருக்கவில்லை என்பதுதான் அதற்குப் பதில்.

கள்ளனைக் காட்டி, "அவனே முழுகல, நான் ஏன் முழுகணும்?" என்று கேட்கிற வாலிபத் தம்பிகளுக்கு ஒரு வார்த்தை. கள்ளனுக்கு ஆணி தடை. உனக்கு எது தடை? எண்ணூரில் ஷிப்ட் முடித்து வந்து, மாலையில் மூன்று மணி நேரம் கிரிக்கெட் ஆடுகிறவன் கள்ளனுடைய சாக்கைக் கடன் வாங்க முடியாது. முடியாதவன் வேறு, மனமில்லாதவன் வேறு. இந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

முத்திரை முந்தியா, விசுவாசம் முந்தியா?

ஆபிரகாம் நீதிமானாக எண்ணப்பட்டது விருத்தசேதனத்துக்கு முன்னாலா, பின்னாலா என்று ரோமர் 4-ல் பவுல் ஒரு கேள்வி போடுகிறார். முன்னால் என்று அவரே பதிலும் சொல்கிறார். அடையாளம் பிறகு வந்தது. ஏற்கெனவே இருந்த விசுவாசத்தின் மேல் அது முத்திரையாகப் போடப்பட்டது. இதை வீட்டுக் காரியத்தால் விளக்கலாம். பிள்ளை பிறந்தபின் ரேஷன் கார்டில் பேர் ஏற்றுகிறோம். கார்டில் ஏற்றியதால் பிள்ளை பிறக்கவில்லை. ஏற்றத் தாமதமானதால் அது தெருப்பிள்ளையும் ஆகிவிடாது. ஆனால் இந்த உவமை கொஞ்ச தூரம்தான் வரும். ரேஷன் கார்டு வெறும் காகிதம். ஞானஸ்நானமோ ரோமர் 6-ன்படி கிறிஸ்துவோடே அடக்கம்பண்ணப்பட்டு அவரோடே எழுந்திருப்பது. பிணத்தைப் புதைக்காமல் நடுவீட்டில் வைத்துக்கொண்டு செத்துப்போனான் என்று சொல்லிக்கொண்டிருக்க முடியுமா?

கார்டில் பேர் இருந்தும் பிறக்காதவனும் வேதத்தில் உண்டு. சமாரியாவில் மாயவித்தைக்காரன் சீமோன் (அப். 8). விசுவாசித்தான் என்று எழுதியிருக்கிறது, ஞானஸ்நானமும் பெற்றான். கொஞ்ச நாளில் அப்போஸ்தலரிடம் பணத்தை நீட்டி, கை வைத்தால் ஆவி இறங்குகிற வரத்தை விலைக்குக் கேட்டான். அவன் இருதயம் செம்மையாக இல்லை என்று பேதுரு முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். நனைந்த உடையோடு எடுத்த போட்டோவைச் சட்டம் போட்டு மாட்டிவிட்டு, வட்டிக்கு விட்டு ஏழையின் குக்கரைத் தூக்கி வருகிறவர்கள் இந்த அதிகாரத்தை அடிக்கடி படிப்பது நல்லது.

அதற்கு எதிர்ப்பக்கம் கொர்நேலியு (அப். 10). நம் பெந்தெகொஸ்தே சபைகளுக்கு இது முக்கியமான இடம். பேதுரு பிரசங்கத்தை முடிக்கவே இல்லை, அதற்குள் பரிசுத்த ஆவி இறங்கிவிட்டது! அந்நிய பாஷை, ஸ்தோத்திரம் எல்லாம் கேட்டது. தண்ணீர் இன்னும் வரவில்லை. தண்ணீர் இல்லாமல் தேவன் கிரியை செய்யமாட்டார் என்பவர்களுக்கு அங்கேயே பதில் இருக்கிறது. ஆனால் அடுத்த வரியையும் பாருங்கள். ஆவியே வந்துவிட்டதே, இனித் தண்ணீர் எதற்கு என்று பேதுரு சொல்லவில்லை. இவர்களுக்குத் தண்ணீரை யார் தடுக்க முடியும் என்று கேட்டு, ஞானஸ்நானம் கொடுக்கக் கட்டளையிட்டார்.

"அப்போ பேதுருவே தன் நிருபத்துல ஞானஸ்நானம் இரட்சிக்கிறதுன்னு எழுதியிருக்காரே?" என்று வேதம் தெரிந்த சகோதரர்கள் கேட்பார்கள். நல்ல கேள்வி. 1 பேதுரு 3:21-ல் அப்படிச் சொன்ன கையோடே அவர் இரண்டு காரியங்களைச் சேர்க்கிறார். உடம்பழுக்குப் போவதைச் சொல்லவில்லை. நல்ல மனச்சாட்சி தேவனோடு பண்ணுகிற உடன்படிக்கையைச் சொல்கிறார். அந்த இரட்சிப்பும் இயேசு கிறிஸ்து உயிர்த்தெழுந்ததினாலே உண்டாவது. ஆக, தண்ணீருக்கு வல்லமை இல்லை. தண்ணீரில் நின்று ஆம் என்று சொல்கிற மனச்சாட்சியும், மரணத்தை ஜெயித்தவரும்தான் அங்கே காரியம்.

இதைப் புரிந்துகொள்ளாததால் சபை வரலாற்றில் வேடிக்கையும் நடந்தது. ஞானஸ்நானம் அதுவரை செய்த பாவத்தையெல்லாம் கழுவும், பிறகு செய்தால் மன்னிப்பு கடினம் என்று எண்ணிக் கடைசி மூச்சுவரை தள்ளிப்போட்டவர்கள் நான்காம் நூற்றாண்டில் ஏராளம். ரோமப் பேரரசன் கான்ஸ்டன்டைன் 337-ம் வருஷம் மரணப்படுக்கையில்தான் ஞானஸ்நானம் பெற்றான். ராஜாவுக்கே தண்ணீரின்மேல் இருந்த நம்பிக்கை கிருபையின்மேல் இல்லை போலும்.

தண்ணீர் எவ்வளவு இருக்க வேண்டும் என்றும் சண்டை உண்டு. நாம் முழுக்கு ஞானஸ்நானத்தையே கைக்கொள்கிறோம். அடக்கம் என்ற அடையாளம் முழுகி எழும்போதுதான் கண்ணுக்குத் தெரிகிறது. ஆனால் அப்போஸ்தலர் காலத்தை ஒட்டி எழுதப்பட்ட டிடாக்கே என்ற சபைக் கையேட்டில், ஓடுகிற தண்ணீர் நல்லது, அது இல்லாவிட்டால் வேறு தண்ணீர், போதிய தண்ணீரே இல்லாவிட்டால் தலையில் மூன்று முறை ஊற்றலாம் என்று இருக்கிறது. 2019 ஜூனில் நம் புழல் ஏரியே காய்ந்து வெடித்துக் கிடந்ததைக் கண்ணால் பார்த்தோம். குடம் தண்ணீருக்கு லாரிக்குப் பின்னால் ஓடின நாட்களில், ஞானஸ்நானத் தொட்டியை நிரப்பக் கேட்பதற்கே வெட்கமாக இருந்திருக்கும். ஏரி வறண்ட வருஷத்தில் கிருபை வறண்டுபோகவில்லை.

குழந்தையாய் இருக்கும்போது சி.எஸ்.ஐ.யிலோ கத்தோலிக்கக் கோயிலிலோ பெற்றதைப் பற்றி இங்கே அதிகம் எழுத இடமில்லை. விசுவாசம் முந்தி, தண்ணீர் பிந்தி என்பதே நம் உபதேசம். ஆனால் அதற்காக ராயபுரத்திலும் காசிமேட்டிலும் தலைமுறை தலைமுறையாய் ஜெபித்து வாழ்ந்த தாத்தா பாட்டிகளை அஞ்ஞானி என்று பிரசங்கிக்கிறவர்கள், கள்ளனுக்குக் கிடைத்த கிருபையை இவர்களுக்குக் கொடுக்க மறுக்கிறார்கள்.

பொட்டு வைத்த விசுவாசிகள்

இனி இரண்டாவது கேள்விக்கு வருவோம். இது நம் சென்னைப் பட்டணத்தில் நூறு வருஷத்துக்கு மேலாகப் பேசப்படுகிற கேள்வி.

ஓ. கந்தசாமி செட்டி என்பவர் மதராஸ் கிறிஸ்தவக் கல்லூரியில் மில்லர் துரையின் மாணவர். இயேசுவே இரட்சகர் என்று வெளிப்படையாகச் சொன்னவர். ஆனால் ஞானஸ்நானம் எடுக்கவில்லை. ஏன் எடுக்கவில்லை என்று 1915-ல் மிஷனரிகளுக்கு முன்பாகவே விளக்கம் சொன்னார். தன் ஜனங்களை விட்டுப் பிரிந்து இன்னொரு சமுதாயத்தில் சேர்வது கிறிஸ்துவைப் பின்பற்றுவதற்கு அவசியம் என்று தனக்குப் படவில்லை என்பதே அவர் வாதம். ஆந்திராவில் முனிப்பள்ளி சுப்பாராவ் என்ற பள்ளி ஆசிரியர் 1942-ல் இயேசுவின் தரிசனம் கண்டதாகச் சாட்சி சொன்னார். வியாதியஸ்தர் திரளாய் அவரிடம் வந்தார்கள். அவரோ ஞானஸ்நானத்தையும் சபையையும் வேண்டாம் என்றே பேசினார்.

இவர்கள் தனி ஆட்கள். ஆனால் கீழ்ப்பாக்கம் குருகுல் லுத்தரன் இறையியல் கல்லூரியில் கற்பித்த ஹெர்பர்ட் ஹோஃபர் என்ற அமெரிக்கர், சென்னையிலும் தமிழ்நாட்டு கிராமங்களிலும் விசாரித்து 1991-ல் ஒரு புத்தகமே வெளியிட்டார். சபையில்லாக் கிறிஸ்தவம் என்பது தலைப்பின் பொருள். முழுகாமலே, சபைப் பதிவேட்டில் பேர் இல்லாமலே, இயேசுவை மட்டும் தொழுகிற திரளான ஜனங்கள் நம் மத்தியில் இருக்கிறார்கள் என்று அவர் காட்டினார். நமக்கு அது செய்தியே அல்ல. நம் வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் பின்வரிசையைத் திரும்பிப் பார்த்தால் போதும்.

அவர்கள் ஏன் முழுகவில்லை? கிறிஸ்துவை வேண்டாம் என்றா? இல்லை. ஞானஸ்நானம் என்றால் பேர் மாறும், பொட்டு போகும், பூ போகும், அண்ணன் வீட்டுக் கல்யாணத்தில் இடம் போகும், தங்கைக்கு வரன் வராது என்று வீட்டார் புரிந்து வைத்திருக்கிறார்கள். இதைத்தான் எம்.எம். தாமஸ் என்ற மலையாளத்து அறிஞர் 1970-களில் எடுத்துச் சொன்னார்: இந்தியாவில் ஞானஸ்நானம் கிறிஸ்துவோடு இணைவதற்கு அடையாளமாயிராமல், ஒரு சமுதாயத்திலிருந்து இன்னொரு சமுதாயத்துக்குத் தாவுவதற்கு அடையாளமாகிவிட்டது. அப்போது சென்னையில் சி.எஸ்.ஐ. பேராயராக இருந்த லெஸ்லி நியூபிகின் அவரோடு வாதாடினார். கிறிஸ்துவைச் சேர்ந்தவர்கள் ஒருவரோடொருவர் கண்ணுக்குத் தெரிகிற ஐக்கியமாய் இருந்துதான் ஆக வேண்டும், தனித்தனியே மனதுக்குள் வைத்துக்கொள்கிற விசுவாசம் போதாது என்பது அவர் பக்கம். என் மனது நியூபிகின் பக்கம்தான் சாய்கிறது. ஆனால் தாமஸ் சொன்ன குற்றச்சாட்டுக்கு நாம் இன்னும் பதில் சொல்லவில்லை. கிறிஸ்து கேட்காத எத்தனையோ காரியங்களை நாமே ஞானஸ்நானத்தோடு முடிச்சுப் போட்டுவிட்டு, சகோதரி தயங்கினால் அவளுக்கு விசுவாசம் இல்லை என்கிறோம்.

அரசாங்கக் கணக்கில் அதற்கு ஒரு விலையும் உண்டு, அதை மறைக்கக் கூடாது. 1950-ம் வருஷத்து ஜனாதிபதி ஆணையின்படி, ஆதிதிராவிடர் ஒருவர் கிறிஸ்தவரானால் எஸ்.சி. உரிமை போய்விடும். தமிழ்நாட்டில் அவர் பி.சி. பட்டியலுக்கு மாறுகிறார். சென்னை ரோட்டோரத்தில் செருப்புத் தைத்துக்கொண்டிருந்த சூசை என்பவர், இந்து செருப்புத் தொழிலாளிகளுக்குக் கொடுத்த இலவச பங்க் கடை தனக்கு ஏன் இல்லை என்று சுப்ரீம் கோர்ட்வரை போனார். 1985-ல் அவர் மனு தள்ளுபடியானது. புதுச்சேரிப் பெண் ஒருவர் எஸ்.சி. சான்றிதழ் கேட்டுத் தொடுத்த வழக்கில், குழந்தையில் அவர் பெற்ற ஞானஸ்நானமும் சாட்சியமாகப் பேசப்பட்டது. 2024 நவம்பரில் அதுவும் தள்ளுபடியானது. தாலுகா ஆபீஸில் இந்தத் தண்ணீருக்கு இவ்வளவு கனம் உண்டு. சர்டிபிகேட்டுக்காகத் தள்ளிப் போடுகிறவனைத் துரோகி என்று மேடையில் திட்டுவது சுலபம். பரம்பரைக் கிறிஸ்தவராய்ப் பிறந்து ஒன்றையும் இழக்காதவர்கள்தான் அதிகமாய்த் திட்டுகிறார்கள்! பொய் சொல்லிச் சான்றிதழ் வாங்கச் சொல்லவும் மாட்டோம், இழப்பு ஒன்றுமில்லை என்று ஏமாற்றவும் மாட்டோம். செலவைக் கணக்குப் பார்த்துவிட்டுக் கோபுரம் கட்டச் சொன்னவர் நம் ஆண்டவர் (லூக். 14:28).

ஆகவே, அருமை சகோதரியே, உனக்குச் சொல்லுகிறேன். உன் இரட்சிப்பு கிருபையினாலே, விசுவாசத்தைக் கொண்டு வந்தது (எபே. 2:8). உன் வீட்டார் அதைப் பிடுங்க முடியாது, எங்கள் பதிவேடும் அதைக் கொடுக்க முடியாது. ஞானஸ்நானம் வேண்டாம் என்று தீர்மானம் பண்ணிவிடாதே. தண்ணீர் இதோ, எனக்கு என்ன தடை என்று கேட்ட எத்தியோப்பிய மந்திரியின் வாஞ்சை (அப். 8) உனக்குள் இருக்கட்டும். விசுவாசியாத கணவன் கூடி வாழச் சம்மதித்தால் அவனை விட வேண்டாம் என்பதே பவுலின் ஆலோசனை (1 கொரி. 7:13). பேச்சில்லாமல் நடக்கையால் ஆதாயப்படுத்தலாம் என்கிறார் பேதுரு (1 பேது. 3:1). "யாருக்கும் தெரியாம ஒரு ராத்திரியில கொடுத்துடுங்க பாஸ்டர்" என்று கேட்காதே. ஒளித்து வைத்த சாட்சி உன்னையும் பயத்திலே வைக்கும், தெரிய வரும் நாளில் உன் கணவனுக்கு வஞ்சகமாயும் தோன்றும். காத்திரு, ஜெபி, அவரிடம் நீயே வாய் திறந்து பேசு.

மூப்பர்களுக்கும் ஒரு வார்த்தை. வருஷக் கடைசி ரிப்போர்ட்டில் எண்ணிக்கை காட்டுவதற்காக, இரண்டு வாரம் வந்தவர்களையெல்லாம் தொட்டியில் இறக்காதிருங்கள். 18 வயது நிரம்பாத பிள்ளைகளுக்குப் பெற்றோர் அறியாமல் கொடுக்கவே கூடாது. யாருக்கு ஞானஸ்நானம் கொடுத்தேன் என்ற கணக்கே பவுலுக்குச் சரியாய் ஞாபகம் இல்லை (1 கொரி. 1:14-16), நமக்கு மட்டும் நோட்டீசில் எண் போட வேண்டியிருக்கிறது!

கொடுப்பதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்விகள் முழுகுகிறவருக்கு மட்டும் அல்ல. அன்று ராத்திரி அந்தச் சகோதரியை வீட்டார் கதவைச் சாத்தி வெளியே நிறுத்தினால், நம் சபையில் எந்த வீட்டுக் கதவு திறக்கும்? பாயும் சாப்பாடும் எத்தனை நாளைக்கு? அவளுடைய பிள்ளைகளுக்கு ஸ்கூல் பீஸ் யார் கட்டுவது? மணலியில், மாதவரத்தில், காவாங்கரையில் சொந்த வீடு உள்ள விசுவாசிகள் நம்மிடம் இருக்கிறார்கள். அடுத்த மூப்பர் கூட்டத்தில் அவர்களுடைய பேரை எழுதி, சம்மதம் கேட்டு வையுங்கள். தொட்டிக்கு லாரித் தண்ணீர் அதற்குப் பிறகு சொல்லிக்கொள்ளலாம்.